வேலை கலைக்கு எதிரியா? ஒரு தபால்காரர் தரும் பதில்

எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் காலத்தில் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு வரும் மாணவர்களில் ஓரிருவராவது பாட்டு எழுதுபவர்களாகவோ கதை எழுதுபவர்களாகவோ இருப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். வீட்டில் அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: “முதலில் ஒரு நல்ல வேலைக்குப் போ. பாட்டெல்லாம் சோறு போடாது.” தன்முனைப்பு மேடைகளிலும் காணொளிகளிலும் கிடைப்பது இதற்கு நேர்மாறான அறிவுரை: “எல்லாவற்றையும் தூக்கிப் போடு. கனவைத் துரத்து.”

கேட்பதற்கு இவை எதிரெதிரானவை. ஆனால் இரண்டின் அடியிலும் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. வேலை ஒரு கரை, கலை மறு கரை. ஒன்றுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மற்றொன்றிடமிருந்து பறித்தது. இந்த நம்பிக்கையே தவறு என்பது என் கருத்து. எழுதுகிறவனுக்கு வேலை கெடுதல் செய்வதில்லை. வேலை செய்யும்போது கண்ணையும் காதையும் மூடிக்கொள்வதுதான் கெடுதல் செய்கிறது.

இதற்கு நான் காட்ட விரும்பும் சான்று, ஜோன் பிரைன் என்னும் அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர். நம் மாணவர்களில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அரங்கம் நிறைந்த ரசிகர்களோ ஆட்டக்காரர்களோ அவர் பாட்டுக்குத் தேவைப்படவில்லை. ஒரு கிதார், நான்கைந்து எளிய கோர்ட்கள், ஒரு கதை. அமெரிக்கக் கிராமப்புறத்தின் கண்ட்ரி இசையும் நாட்டுப்புற இசையும் கலந்த அந்தப் பாணியில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பாடியவர் அவர். பாப் டிலன் போன்றோரே வியந்து பாராட்டிய அந்தப் பாடலாசிரியர், தம்முடைய தலைசிறந்த பாடல்களில் சிலவற்றைத் தோளில் கடிதப் பையைச் சுமந்துகொண்டு வீடுவீடாக நடந்தபோது இயற்றினார்.

பையும் பாட்டும்

ஜோன் பிரைன் 1946-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சிகாகோ நகரை ஒட்டிய மேவுட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை தொழிற்சாலைகளுக்கான அச்சுகளும் கருவிகளும் செய்யும் தொழிலாளி. பெற்றோர் இருவருக்கும் பூர்வீகம் தெற்கே கெண்டக்கி மாநிலத்து நிலக்கரி வட்டாரம். பிழைப்புக்காக வடக்கே வந்த குடும்பம். வீட்டில் கண்ட்ரி இசை ஒலித்துக்கொண்டே இருக்கும். 14 வயதில் அண்ணன் டேவ் அவருக்குக் கிதார் சொல்லிக் கொடுத்தார். பிறகு சிகாகோவின் ஓல்ட் டவுன் நாட்டுப்புற இசைப் பள்ளியிலும் வகுப்புகளுக்குப் போனார்.

பள்ளி முடிந்ததும் அவர் சேர்ந்த வேலை தபால்காரர் வேலை. 1966-இல் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டார். அது வியட்நாம் போர்க்காலம். ஆனால் அவரை அனுப்பியது மேற்கு ஜெர்மனிக்கு. அங்கே கனரக வாகனங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் வேலை. சேவை முடிந்து திரும்பியதும் மீண்டும் அதே கடிதப் பை, அதே தெருக்கள்.

அந்த வேலையைப் பற்றி அவர் பிற்காலத்தில் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. புத்தகங்களே இல்லாத ஒரு நூலகத்தில் இருப்பதுபோல அமைதியாகச் சிந்திக்க நேரம் கிடைத்தது என்றுதான் நேர்காணல்களில் சொன்னார். பாதையைக் கால்கள் அறியும். எந்த வீட்டுக்கு எந்தக் கடிதம் என்பதைக் கை அறியும். தலை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருந்த தலைக்குள்தான் பாட்டு ஓடியது. காற்று கடுமையாக வீசும் நாள்களில், தெருவோரம் கடிதங்களைச் சேமித்து வைக்கும் பெரிய பெட்டிக்குள் ஒதுங்கி, ரொட்டியைத் தின்றுகொண்டே வரிகளைக் கோத்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

மாணவர்களே, இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தபால்காரர் என்பவர் ஒரு தெருவின் எல்லாக் கதவுகளையும் தினமும் பார்ப்பவர். யாருக்கு மகனிடமிருந்து கடிதம் வருகிறது, யாருக்கு வருவதே இல்லை, யார் வீட்டில் திரை விலகவே இல்லை, யார் வாசலிலேயே காத்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எழுத நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய கல்லூரி இருக்க முடியுமா?

தன்னைப் பற்றி எழுதாத இளைஞர்

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் நாம் பெரும்பாலும் எதைப் பற்றி எழுதுகிறோம்? என் காதல், என் தோல்வி, என் கனவு. அதில் தவறில்லை, அந்த வயது அப்படி. ஆனால் ஜோன் பிரைன் அந்த வயதில் எழுதிய மூன்று பாடல்களைப் பாருங்கள்.

முதல் பாடல் ‘ஹலோ இன் தேர்’. வயதான தம்பதியரின் தனிமை அதன் பொருள். பிள்ளைகள் வளர்ந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். ஒரு மகனைக் கொரியப் போர் கொண்டுபோய்விட்டது. கணவனுக்கும் மனைவிக்கும் இடையே பேச்சும் குறைந்துவிட்டது. இதை எழுதியவர் இளைஞர். இந்த முதுமை அவருக்கு எங்கிருந்து தெரிந்தது? சிறுவனாக இருந்தபோது ஒரு முதியோர் இல்லத்தில் நாளிதழ் போடும் வேலை பார்த்தார். அங்கிருந்த சிலர், பத்திரிகை போட வந்த அந்தப் பையனை, தம்மைப் பார்க்க வந்த பேரன் என்றோ உறவுக்காரப் பிள்ளை என்றோ பக்கத்து அறைக்காரர்களிடம் காட்டிக்கொள்வார்களாம். அந்தப் பாசாங்கின் பின்னால் இருந்த வலியை அந்தப் பையன் மறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அது பாட்டாயிற்று.

இரண்டாவது ‘சேம் ஸ்டோன்’. போரில் காயம்பட்டுப் பதக்கத்தோடு வீடு திரும்பும் ஒரு படைவீரன், வலியைத் தணிக்கப் போய்ப் போதைக்கு அடிமையாகி அழிந்து போவதும், அதைப் பார்த்து வளரும் பிள்ளைகளின் நிலையும் அதில் வருகின்றன. ஜோன் பிரைன் வியட்நாமுக்குப் போனதில்லை. ஆனால் அவருடைய வயதுக்காரர்கள் போனார்கள். சிலர் வேறு மனிதர்களாகத் திரும்பி வந்தார்கள். அவர் அதைக் கண்டார்.

மூன்றாவது ‘ஏஞ்சல் ஃப்ரம் மாண்ட்கோமரி’. சலித்துப்போன மணவாழ்க்கையில் சிக்கி, அடுக்களையில் நின்றபடி தப்பிப்போக ஏங்கும் நடுவயதுப் பெண் தானே பேசுவதுபோல் அமைந்த பாடல். இளைஞர் ஒருவர் ஒரு பெண்ணின் குரலில் பாடுகிறார். கேட்பவர்களுக்கு அது பொய்யாகப் படவில்லை. 1974-இல் போனி ரெய்ட் அதைப் பாடி, தம் வாழ்நாள் முழுவதற்குமான அடையாளப் பாடல்களில் ஒன்றாக்கிக்கொண்டார்.

இந்த மூன்றிலும் ‘நான் யார் தெரியுமா’ என்ற குரல் இல்லை. யாரும் திரும்பிப் பார்க்காத மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்த ஒருவர் இருக்கிறார். அவ்வளவுதான்.

கட்டுரைத் தாள்களைத் திருத்தும்போது எனக்கு இது அடிக்கடி நினைவுக்கு வரும். ‘என் பாட்டி’ என்று தலைப்புக் கொடுத்தால் பத்தில் எட்டுப் பேரின் பாட்டிக்கும் நரைத்த கூந்தல், பொக்கை வாய், அன்பு பொங்கும் கண்கள். எல்லாப் பாட்டிகளும் ஒரே பாட்டியாக இருக்கிறார்கள்! காரணம், மாணவர்கள் பாட்டியைப் பார்த்து எழுதவில்லை. மனனம் செய்த சொற்றொடர்களைப் பார்த்து எழுதுகிறார்கள். ஒருமுறை ஒரு மாணவி மட்டும், தன் பாட்டி கைத்தொலைபேசியில் பேசும்போது எதிரில் ஆள் நிற்பதுபோல் எழுந்து நின்று பேசுவார் என்று எழுதியிருந்தாள். மற்றப் பாட்டிகள் அனைவரையும் நான் மறந்துவிட்டேன். அந்தப் பாட்டி மட்டும் இன்னும் என் மனத்தில் நின்றுகொண்டு பேசுகிறார்.

காணாமல் போன ஊர்

நாம் தமிழர் என்பதால் நமக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றும் ஒரு பாடலும் அவரிடம் உண்டு. அவருடைய பெற்றோரின் ஊர்ப் பக்கம், கெண்டக்கியின் மியூலன்பர்க் மாவட்டத்தில், பேரடைஸ் என்றொரு சிற்றூர் இருந்தது. பெயருக்குப் பொருள் சொர்க்கம். பக்கத்தில் கிரீன் ஆறு. நிலக்கரிக்காக அந்த வட்டாரத்தின் மேல்மண்ணையே சுரண்டியெடுத்தார்கள். ஊரை ஒட்டி டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் அனல்மின் நிலையம் எழுந்தது. சாம்பல் ஊரின் மேல் விழுந்தது. இறுதியில் 1967-இல் மிச்சமிருந்த வீடுகளும் வாங்கப்பட்டு இடிக்கப்பட்டன. ஊரே இல்லாமல் போனது.

‘பேரடைஸ்’ என்ற அந்தப் பாடலை ஜோன் பிரைன் தம் தந்தைக்காக எழுதினார். ஒரு மகன் தன் தந்தையிடம் அந்த ஊருக்கு அழைத்துப் போகும்படி கேட்கிறான். அது இப்போது இல்லை என்கிறார் தந்தை. நிலக்கரி நிறுவனத்தின் பெயரையும் மறைக்காமல் பாட்டிலேயே சொல்லிவிட்டார். பதிவு செய்த பாடலை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது, தந்தை எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்து கேட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, கடையில் காசு போட்டால் பாடும் பெட்டியிலிருந்து வருவதுபோல் கேட்க வேண்டும் என்று பதில் சொன்னாராம். அந்த 1971-ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார்.

இதை வாசிக்கும்போது உங்கள் வீட்டிலும் யாராவது நினைவுக்கு வருகிறார்களா? நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் பிறந்தவர்கள். விடியற்காலைப் பெரட்டு, பால்மரக் காடு, லயத்து வீடுகள், மாரியம்மன் கோவில், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. சில செம்பனையாக மாறின. சில தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. இன்று அந்த இடத்தைக் கடக்கும் பேரப்பிள்ளைக்கு அது வெறும் நெடுஞ்சாலைச் சந்திப்பு. பேரடைஸ் என்ற சிற்றூரின் பெயரை இன்று உலகம் அறிந்திருப்பதற்கு முதற்காரணம், அந்த ஊரைச் சேர்ந்த ஒரு தொழிலாளியின் மகன் எழுதிய பாட்டு. நம் தோட்டங்களுக்கு அப்படி எத்தனை பாட்டுகள் இருக்கின்றன? எழுத வேண்டியவர்கள் நாம். கேட்டு எழுதிக்கொள்ள மூத்தோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் என்றைக்கும் இருக்கப் போவதில்லை.

அதிர்ஷ்டம் கதவைத் தட்டியபோது

இனி மறுதரப்பின் வாதத்தையும் கேட்போம். “அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது, எல்லாருக்குமா அடிக்கும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் வாழ்க்கையில் அதிர்ஷ்டம் இருந்தது உண்மைதான்.

1969-ஆம் ஆண்டு. சிகாகோவில் ஃபிஃப்த் பெக் என்ற சிறிய இசைக்கூடத்தில், விரும்பியவர்கள் மேடையேறிப் பாடும் இரவு. பாடியவர்களைப் பற்றி ஜோன் பிரைன் ஏதோ குறை சொல்ல, முடிந்தால் நீ பாடேன் என்று ஒருவர் சவால் விட்டார். ஏறினார். மேலே சொன்ன பாடல்களில் சிலவற்றை அன்றுதான் முதன்முதலாக வெளியாரிடம் பாடினார். முதலில் கைத்தட்டல் இல்லை, அமைதி. பாட்டுப் பிடிக்கவில்லை போலும் என்று அவர் பயந்தார். பிறகுதான் அது உறைந்துபோனவர்களின் அமைதி என்று தெரிந்தது. அங்கே தொடர்ந்து பாடும் வாய்ப்பும் கிடைத்தது.

1970-இல் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் இளம் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட், பார்த்துக்கொண்டிருந்த படத்தை விட்டுப் பாதியில் எழுந்து, தாகத்துக்கு ஏதாவது குடிக்கலாம் என்று அதே கூடத்துக்குள் நுழைந்தார். அங்கே பாடிக்கொண்டிருந்தவரைக் கேட்டு, படத்தைப் பற்றி எழுதுவதற்குப் பதிலாக அந்தப் பாடும் தபால்காரரைப் பற்றி எழுதினார். கூட்டம் வரத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, ஸ்டீவ் குட்மன் என்ற சக பாடகர், அப்போது புகழின் உச்சியில் இருந்த கிரிஸ் கிறிஸ்டோஃபர்சனிடம் தம்மைப் பற்றிப் பேசாமல், என் நண்பன் பாடுவதைக் கேட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்தி நள்ளிரவில் அழைத்துவந்தார். சில நாள்களில் நியூயார்க் மேடை, அட்லாண்டிக் நிறுவனத்தின் ஒப்பந்தம். 1971-இல் ‘ஜோன் பிரைன்’ என்ற முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது.

அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேடையில் அன்று அவர் பாடிய பாடல்கள் அன்று எழுதியவையா? ஈபர்ட் உள்ளே நுழைந்தபோது கையில் பாட்டு இல்லாத ஒருவர் அங்கே நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதிர்ஷ்டம் யார் கதவை எப்போது தட்டும் என்பது நம் கையில் இல்லை. தட்டும்போது வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும்; அது நம் கையில் இருக்கிறது. தபால் வேலையை அவர் விட்டதும் கனவை மட்டும் நம்பி அல்ல. பாடுவதற்கு ஒரு மேடையும் கேட்பதற்கு ஆள்களும் கிடைத்த பிறகே விட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டீவ் குட்மனைப் போன்ற நண்பர் கிடைப்பதும் அதிர்ஷ்டம்தான். ஆனால் அப்படிப்பட்ட நண்பராக நாம் இருப்பதற்கு அதிர்ஷ்டம் தேவையில்லை. ஜோன் பிரைனும் அந்த நட்புக்குக் குறைந்தவர் அல்லர். இருவரும் சேர்ந்து வேடிக்கையாக எழுதிய ஒரு பாடலில் தம் பெயர் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். பிறகு அந்தப் பாட்டு வேறொரு பாடகரின் குரலில் வெற்றிபெற்றபோது, குட்மன் தமக்குக் கிடைத்த பணத்தில் நண்பருக்கு ஓர் இசைப்பெட்டியை வாங்கிப் பரிசளித்தார். பள்ளிக் கலைவிழாக்களில் ஒருவரையொருவர் முந்திக்கொள்ளத் துடிக்கும் நாம் யோசிக்க வேண்டிய செய்தி இது.

மீண்டும் தபால்

ஒப்பந்தம் கிடைத்ததும் கோடீசுவரர் ஆகிவிட்டார் என்று எண்ண வேண்டாம். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், பெட் மிட்லர், ஜோன் டென்வர் போன்ற பெரிய குரல்கள் அவர் பாடல்களைப் பாடின. ஆனால் அவருடைய சொந்த இசைத்தட்டுகள் அள்ளிக்கொண்டு விற்கவில்லை. பெரிய நிறுவனங்களோடு பத்தாண்டுகள் ஓடின.

1981-இல் அவர் எடுத்த முடிவு அந்தக் காலத்தில் துணிச்சலானது. மேலாளர் அல் புனெட்டாவோடு சேர்ந்து ‘ஓ பாய் ரெக்கார்ட்ஸ்’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். இணையம் இல்லாத காலம். ரசிகர்கள் தபாலில் காசோலை அனுப்பினார்கள். அடுத்த இசைத்தொகுப்பு வெளிவருவதற்கு முன்பே அதற்கான செலவுக்குப் போதுமான பணம் வந்து சேர்ந்தது. கடிதம் சுமந்தவரைக் கடிதங்களே காப்பாற்றின என்று சொல்லலாம். 1991-இல் அந்தச் சிறிய நிறுவனத்திலிருந்து வெளிவந்த ‘தி மிஸ்ஸிங் இயர்ஸ்’ கிராமி விருது பெற்றது. 2005-இல் வெளிவந்த ‘ஃபேர் அண்ட் ஸ்குவேர்’ மற்றொரு கிராமி பெற்றது. அதே 2005-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் நாட்டின் அரசவைக் கவிஞர் டெட் கூசர் அவரை மேடைக்கு அழைத்து உரையாடினார்.

இன்று கைத்தொலைபேசியில் பாடல் பதிவுசெய்து வெளியிடும் மாணவர்கள் நம்மிடையே ஏராளம். உங்கள் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? கையொப்பமிடும் தாளை வரி வரியாகப் படிப்பதும், கணக்கு எழுதுவதும், பொட்டலம் கட்டி முகவரி ஒட்டுவதும் கலைக்கு இழுக்கு என்று ஜோன் பிரைன் கருதவில்லை. அவர் இறந்த பிறகும் அந்த நிறுவனம் அவர் குடும்பத்தாரின் பொறுப்பில் இயங்கி வருகிறது.

குரல் போனபோது

பாடகருக்கு மூலதனம் குரல். 1998-இல் அவர் கழுத்தில் புற்றுநோய் கண்டது. அறுவை சிகிச்சையில் கழுத்தின் ஒரு பகுதி நீக்கப்பட்டது; நாக்குக்குச் செல்லும் சில நரம்புகள் அறுபட்டன. மீண்டும் மேடையேற ஓராண்டுக்கு மேல் ஆனது. பேச்சுப் பயிற்சி எடுத்தார். திரும்பி வந்த குரல் பழைய குரலாக இல்லை. கரகரப்பாக, தாழ்ந்து ஒலித்தது. அவர் தம் பழைய பாடல்களைக் கீழ்ச்சுருதிக்கு இறக்கிப் பாடத் தொடங்கினார். இருபதுகளில் அவர் எழுதிய முதியவரின் பாட்டுக்கு, இப்போதுதான் முதியவரின் குரல் வாய்த்தது.

2013-இல் நுரையீரலில் புற்றுநோய். மீண்டும் அறுவை சிகிச்சை. மூச்சு திரும்புவதற்காகப் பயிற்சியாளர் அவரை மாடிப்படியில் ஏறி இறங்கச் சொல்வார். மூச்சு வாங்கும்போதே கிதாரை எடுத்து இரண்டு பாட்டுப் பாட வேண்டும். சில மாதங்களில் மேடைக்குத் திரும்பினார்.

2018-இல், 71 வயதில், 13 ஆண்டுகள் கழித்துப் புதிய பாடல்களோடு ‘தி ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னஸ்’ வெளிவந்தது. அந்தப் பாடல்கள் எழுதப்பட்ட விதம் சுவையானது. மனைவியும் மகனும் அவரை ஒரு வாரம் விடுதி அறையில் தங்கவைத்தார்கள். உடன் அனுப்பியவை கிதார்களும், ஆண்டுக்கணக்கில் அவர் அரைகுறையாக எழுதிவைத்திருந்த வரிகள் அடங்கிய பெட்டிகளும். அந்தக் காகிதங்களிலிருந்து பிறந்த இசைத்தொகுப்பு பில்போர்ட் பட்டியலில் ஐந்தாம் இடத்தில் நுழைந்தது. அவருடைய வாழ்நாளில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் அதுதான். முதல் தொகுப்பு வெளிவந்து 47 ஆண்டுகளுக்குப் பிறகு!

2020 ஏப்ரல் 7-ஆம் நாள், கோவிட்-19 தொற்றால் நேஷ்வில் நகரில் அவர் காலமானார். வயது 73. அந்த ஆண்டு அவர் பிறந்த இலினாய் மாநிலம், அவரைத் தன் சிறப்பு அரசவைக் கவிஞராக அறிவித்தது. மேவுட் தெருக்களில் கடிதம் போட்டவருக்கு அந்த மாநிலம் தந்த மரியாதை அது.

எல்லா வேலையும் தபால் வேலையா?

என் கருத்துக்கு எதிராக ஒரு வலுவான வாதம் மிச்சமிருக்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. அறுபதுகளின் தபால் வேலையில் நிலையான நேரம் இருந்தது, நிலையான சம்பளம் இருந்தது, வேலை முடிந்தால் முடிந்தது. இன்றைய பகுதிநேர வேலைகள் அப்படியா? பல்கலைக்கழக நாள்களில் நான் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் பெட்டி தூக்கிய பிறகு, கவிதை அல்ல, என் பெயர்கூட நினைவுக்கு வராது. உணவு விநியோகம் செய்யும் நம் இளைஞர்களும் தபால்காரரைப்போலக் கதவு கதவாகத்தான் போகிறார்கள். ஆனால் கைத்தொலைபேசியில் நொடிகள் ஓடிக்கொண்டிருக்க, கதவைத் திறப்பவரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது?

ஆகவே ‘எந்த வேலை கிடைத்தாலும் போய்ச் சேர், பாட்டு தானாக வரும்’ என்று நான் சொல்லவில்லை. உடலையும் மனத்தையும் ஒருசேரப் பிழிந்தெடுக்கும் வேலை கலையைக் கொல்லும், மனிதனையும் கொல்லும். வேலையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புள்ளவர்கள் சம்பளத்தோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். இந்த வேலையில் என் தலைக்குச் சற்று இடம் இருக்குமா? இந்த வேலையில் நான் மனிதர்களைப் பார்ப்பேனா? தாதியர், ஆசிரியர், பேருந்து ஓட்டுநர், முடிதிருத்துநர், மளிகைக் கடைக்காரர், முகப்பிட அலுவலர் எனப் பலருக்கும் ஒரு நாளில் கிடைக்கும் கதைகள், அறையைப் பூட்டிக்கொண்டு எழுதுபவருக்கு ஓராண்டிலும் கிடைக்காது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வேலைக்குப் போக வேண்டும் என்று நீங்கள் சொல்வதில் தவறில்லை. “அதற்குப் பிறகு பாட்டை மறந்துவிடு” என்று சேர்த்துச் சொல்கிறீர்களே, அதில்தான் தவறு. ஜோன் பிரைனுக்கு அண்ணன் கிதார் சொல்லிக்கொடுத்தார். தந்தை இருட்டில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டார். அந்த வீட்டில் பணம் நிறைய இல்லை, கேட்கும் காது இருந்தது.

மாணவர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கைத்தொலைபேசியின் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். வாரம் ஒரு மனிதரைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள். பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர், பள்ளிக் காவலாளி, கீழ்மாடியில் தனியாக வசிக்கும் பாட்டி, தோட்டத்துக் கதை சொல்லும் தாத்தா, யாராக இருந்தாலும் சரி. அழகுச் சொற்கள் வேண்டாம். அவர் என்ன செய்தார், என்ன சொன்னார், கையில் என்ன வைத்திருந்தார் என்பது போதும். ஓராண்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட மனிதர்கள் உங்கள் குறிப்பேட்டில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் பாட்டாகலாம், ஒருவர் சிறுகதையாகலாம். எதுவுமே ஆகாவிட்டாலும், ஐம்பது பேரை உற்றுப் பார்த்த ஒருவராக நீங்கள் ஆகியிருப்பீர்கள்.

அவருடைய பாட்டைக் கேட்க விரும்புவோர் ‘ஹலோ இன் தேர்’ பாடலில் தொடங்கலாம். கேட்டு முடித்ததும், நீண்ட நாளாகப் பேசாத ஒரு மூத்தவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். அந்தப் பாட்டு நம்மிடம் கேட்பதும் அதுதான்.